சனிக்கிழமை மட்டும் கிளம்பாத கார்

இந்தக் குழுவில் எல்லோரும் எழுதுவதை வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவள் நான். இன்று கொஞ்சம் நீளமாக எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டக்.

சாவியைத் திருப்பினால் அந்த ஒரு சத்தம்தான். அப்புறம் மிளகாய் நெடியில் யாராவது தும்முவது கேட்கும்...

தொண்ணூறுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு அங்கே டைப் அடிக்கச் சேர்ந்திருந்தேன். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு வேர்த்துவிடும். நல்லவேளை, என் மேஜை ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கார் ஷெட்.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். சனிக்கிழமை விடிந்ததும் அவர் கிராமங்களுக்குக் கிளம்பவேண்டும். களத்தில் காயும் வத்தலை முந்திப் போய்ப் பார்ப்பவருக்குத்தான் நல்ல சரக்கு கிடைக்கும். சரியாக அன்றைக்குத்தான் கார் நின்றுவிடும்.

"லைட்டு எரியுது, ஹாரன் அடிக்குது. செல்ஃபு மட்டும் எடுக்க மாட்டேங்குது அண்ணாச்சி" என்பார் டிரைவர் சோலையப்பன் அண்ணன்.

"உன் மாமியா வீட்டுக்குன்னா எடுக்குமோ?"

பாளையம்பட்டியிலிருந்து மெக்கானிக் வருவார். செல்ஃப் மோட்டாரைத் தட்டிப் பார்ப்பார். பேட்டரிக் கம்பிகளைக் கழற்றி, திருகி, இறுக்கி மாட்டுவார். கார் உடனே கிளம்பிவிடும். அதற்குள் எதிர்க்கடை வேன் லோடு ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்கும்.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்த சனிக்கிழமையும்.

அண்ணாச்சிக்கு டிரைவர் மேல் சந்தேகம் வந்தது. டிரைவரும் மெக்கானிக்கும் எதிர்க்கடைக்காரரும் கூட்டு என்றார். மெக்கானிக் தொட்டதும் கிளம்புகிற கார் டிரைவர் தொட்டால் ஏன் கிளம்பவில்லை என்று கேட்டார். சோலையப்பன் அண்ணனோ, ராத்திரி ஷெட் சாவி யாரிடம் இருக்கிறது என்று எல்லோரையும் முறைத்தார். கணக்கப்பிள்ளை, இது செய்வினை என்று பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டினார். அதற்கும் கார் மசியவில்லை.

பிறகு எல்லோரும் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சோலையப்பன் அண்ணன்தான் டீ கிளாஸை வைக்க வந்தபோது குனிந்து சொன்னார். "தாயி, கணக்கப்பிள்ளை ஓதிவிட்டுட்டாரு. நீ காலு வச்ச வாரத்துல இருந்துதான் இப்படின்னு. இந்தச் சனிக்கிழமையும் கார் எடுக்கலேன்னா அண்ணாச்சி உன்னைய நிப்பாட்டச் சொல்லிட்டாக."

டீ அப்படியே ஆறிப்போனது.

வேலை போவதுகூடப் பரவாயில்லை. 'ராசியில்லாத பிள்ளை' என்ற பேச்சு எனக்கு முந்தி பஸ் ஏறி எங்கள் ஊருக்குப் போய்விடும். அதன் பிறகு எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்புவார்கள்?

பயத்தில் நானும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். ஆட்களை விட்டுவிட்டுக் காரை மட்டும் பார்த்தேன். நான் சேர்ந்த அதே வாரம்தான் காருக்குப் புது பேட்டரியும் வந்திருந்தது. புதுசு என்பதால் அதன்மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜன்னல் வழியாக விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சோலையப்பன் அண்ணன் காரைக் கழுவினார். பேட்டரிக் கம்பிகளைக் கழற்றி, பூத்திருந்த பொடியை வெந்நீர் ஊற்றித் துடைத்தார். அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பேட்டரியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஈயக் குமிழ்களுக்கும் வழிய வழியச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்தார். அதன்மேல்தான் கம்பிகள் மாட்டப்படும். பேட்டரி வந்ததிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் இதைச் செய்கிறார்! புது பேட்டரி லட்சுமி அல்லவா?

காலேஜ் லேபில், உப்புத்தாள் வைத்துத் தேய்க்காத வயரை மாட்டினால் மீட்டர் முள் அசையாது. மேடம் திட்டுவார்கள். இங்கே ராத்திரி முழுக்கச் சந்தனம் காய்ந்து இறுகுகிறது. லைட்டுக்கும் ஹாரனுக்கும் கொஞ்சம் கரண்ட் போதும். செல்ஃபுக்குப் போதாது. மறுநாள் மெக்கானிக் கம்பியைத் திருகும்போது சந்தனம் உதிர்ந்துவிடுகிறது. அவர் கைத்துணி சந்தனமாக மணத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வது... உங்கள் பூஜையால்தான் என்று?

இறங்கிப் போனேன்.

"அண்ணாச்சி... கம்பிய மாட்டுனதுக்கப்புறம் மேல பொட்டு வைக்கலாமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "சாமிக்கு நெத்தியில பொட்டு வச்சுட்டுத்தான் கிரீடம் சாத்துவாக. கிரீடத்து மேலயா பொட்டு வைப்பாக?"

"எங்க ஊரு அம்மனுக்குக் கிரீடத்துலயும் வைப்பாக, அண்ணாச்சி."

அது உண்மையா என்று பூசாரியிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை.

அண்ணாச்சி என்னையே பார்த்தார். நானும் எதிர்க்கடை ஆளோ என்று யோசித்திருப்பார். பிறகு துண்டால் குமிழ்களைத் துடைத்தார். கம்பிகளை மாட்டச் சொல்லி, மேலே பொட்டு வைத்தார்.

சனிக்கிழமை காலை சீக்கிரமே வந்து ஜன்னலோரம் நின்றேன். சோலையப்பன் அண்ணன் சாவியைத் திருப்பினார்.

முதல் செல்ஃபிலேயே கிளம்பியது.

அண்ணாச்சி என் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. "கணக்கப்பிள்ளை, பழம் வேலை செஞ்சிருச்சுய்யா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். என்னை நிப்பாட்டுகிற பேச்சு அதன் பிறகு எழவே இல்லை. கல்யாணம் ஆகும்வரை அங்கேதான் வேலை பார்த்தேன்.

இப்போது எங்கள் வீட்டுக் காருக்குச் சாவியே கிடையாது, பட்டன்தான். என்ன கோளாறு என்று அதுவே திரையில் காட்டிவிடுகிறது. ஆனாலும் போன மாதம் அது கிளம்பாதபோது, எங்கள் அபார்ட்மெண்டில் எல்லோரும் முதலில் பார்த்தது புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேனைத்தான். திரையைப் பிறகுதான் பார்த்தார்கள்.

இவ்வளவும் எழுதியது ஒன்று கேட்பதற்காகத்தான். கூச்சத்தில் கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். என் மகள் திங்கட்கிழமை மதுரையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேருகிறாள். அவளும் என்னைப்போல்தான், வாய் திறக்கமாட்டாள். நம் ஊர்க்காரர்கள் சிலர் அங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று தெரியும். அவள் வந்த வாரத்தில் அங்கே ஏதாவது நின்றுபோனால்... அவளைப் பார்ப்பதற்கு முன்னால், கொஞ்சம் பானெட்டைத் திறந்து பாருங்கள்.