அவருக்கு மீன், எனக்கு விரதம்

ஆத்தாளை நம்புற அக்கா தங்கச்சிங்களே, என் கையாலயே என் புருசனைப் பட்டினி போட்டேன். அதைச் சொல்லாம இந்த அனுபவத்தைச் சொல்ல முடியாது.

போன ஆடி மாசம் அவருக்குக் குடல்ல கட்டின்னு தெரிஞ்சுது. அறுத்து எடுக்கணும்னாங்க. நாங்க கிள்ளைப் பக்கத்துக் கடல்காரங்க. ஆபரேசன் முடியிற வரைக்கும் எங்க வீட்ல மீன், முட்டை எதுவும் அடுப்பேறாதுன்னு எங்க ஊர் மாரியாத்தாளுக்கு நேர்ந்துக்கிட்டேன். ஒன்றரை மாசம் அவருக்குக் கஞ்சியும் ஊறுகாயும்தான். மீன் கேட்டு அழுதார். சாமி குத்தம் ஆயிடும்னு அதட்டினேன்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில ஆபரேசனுக்கு முன்னாடி ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. டாக்டரம்மா சீட்டைப் பார்த்துட்டு, "ரத்தத்துல புரதச் சத்து ரொம்பக் கம்மி. இப்ப அறுத்தா உள்ள போடுற தையல் ஒட்டாது, சீழ் புடிக்கும். மூணு வாரம் மீனும் முட்டையும் குடுத்துக் கூட்டியா. அதுக்கு மேல தள்ளாத, கட்டி வளரும்"னு சொன்னாங்க.

"கடல்காரன் மீனுக்கு ஏங்கிச் சாவறான், பாருங்க"ன்னு வார்டே சிரிக்கச் சொன்னார் என் வீட்டுக்காரர்.

நேர்ச்சையை முறிச்சா ஆத்தா எடுத்துக்குவா. முறிக்கலன்னா கத்தி எடுத்துக்கும். கோயில் வாசல்ல விழுந்தேன். "தாயே, அந்த விரதத்த என் தலையில போடு. சாவுற வரைக்கும் நான் மீன் தொட மாட்டேன். அவரைச் சாப்பிட விடு." பூ விழல. ஒரு குறியும் வரல. பயந்துக்கிட்டேதான் அடுப்புல சட்டி வச்சேன்.

புரட்டாசி பொறந்துது. தெருவே கவுச்சி விட்ட மாசம், எங்க வீட்ல சுறாப்புட்டு. புருசன் கெடையில கெடக்கான், இவ நாக்கு அடங்கலன்னு காதுபடப் பேசினாங்க. அவரும் விடல. ஒவ்வொரு கவளத்துக்கும் "கொல்லப் பார்த்தவளே"ம்பார். நான் அடுத்த கவளத்த உருட்டுவேன்.

அப்பதான் சேதி வந்துது. வார்டுல பக்கத்துக் கட்டில்காரருக்கும் ரத்தத்துல அதே குறைதான். அவர் காத்திருக்காம வேற எங்கயோ போய் அறுத்துக்கிட்டார். பத்தாம் நாள் தையல் விட்டு எறந்துட்டார். அவர் பொண்டாட்டியும் ஆத்தாளைக் கும்பிட்டவதான்.

மூணு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்த்தாங்க. "ஏறியிருக்கு, நாளைக்கே செஞ்சுடலாம்"னாங்க டாக்டரம்மா. அன்னிக்கு விழாத பூ அந்தச் சீட்டுல விழுந்துதுன்னு நெனச்சுக்கிட்டேன். கட்டி வெளிய வந்துது. தையல் ஒட்டுச்சு.

இப்ப மீன் ஏலத்துல நின்னுக்கிட்டு, பொண்டாட்டி பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தான்னு இன்னும் சொல்றார். சொல்லட்டும். சொல்றதுக்கு ஆள் இருக்கே, தாயே, அது போதும்.

நான் கூடையில மீன் விக்கறேன், வாயில வைக்கறதில்ல. நீங்களும் அவளை நம்பிக் கேளுங்க, தருவா. விரதத்த மட்டும் உங்க வயித்துல வச்சுக்கங்க. படுத்துக் கெடக்கறவங்க வயித்துல வைக்காதீங்க.