ஓரம் விட்டு எழுதிய உயில்

என் அக்காள் புருஷர் கால்மனுக்குச் செர்னோவிட்ஸ் நகரத்தில் இரண்டு காரணங்களால் பேர் உண்டு. ஒன்று, அவர் போடும் சோடா. ஒரு மிடறு குடித்தால் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீராக வந்து, எதிரே நிற்பவன் முகத்தில் ஏப்பமாக முடியும். மற்றது, அவருடைய அப்பா செத்த விதம்.

தோல் வியாபாரியான அந்தப் பெரியவர் மூச்சு அடங்கும் நேரத்தில் மகனைப் பக்கத்தில் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "கால்மன், எப்பவும்..." என்றார். அதோடு போய்விட்டார். எப்பவும் என்ன? உண்மை பேசு என்பதா? குல்லாயைக் காதுவரை இழுத்து விட்டுக்கொள் என்பதா? சொல்ல வந்தவர் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து அந்தப் பேச்சுக்கு வால் தேடுவதே கால்மனுக்கு வேலையாகிவிட்டது. சோடா வண்டியை ஓட்டிக்கொண்டே யோசிப்பார். திடீரென்று குதிரையை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, நான் எழுத்துக் கோக்கும் அச்சகத்துக்குள் ஓடி வருவார்.

"மாப்ள, கண்டுபிடிச்சுட்டேன்! 'பூட்ஸுக்கு எண்ணெய் தடவு'ன்னுதான் எங்கப்பா சொல்ல வந்திருக்காரு. தோல் வியாபாரி வேற என்னத்தச் சொல்லுவாரு?"

அடுத்த மாதம் வேறொன்றைக் கண்டுபிடிப்பார். ஆனால் தன் வாயால் எந்தப் பேச்சையும் 'எப்பவும்' என்று மட்டும் ஆரம்பிக்கவே மாட்டார். ஆரம்பித்தால் அப்பாவைப்போலத் தானும் அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிடுவோம் என்று பயம். நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

இப்படிப்பட்டவருடைய ஒரே மகள் ஹின்டா, முன்னாலேயே அர்ஜென்டினாவுக்குப் போய்விட்ட புருஷனிடம் போய்ச் சேர வேண்டிய நாள் வந்தது. செவ்வாய்க்கிழமை ரயில். யூதர்களான எங்களுக்குச் செவ்வாய் நல்ல நாள். அவ்வளவு தூரம் போகிறவள் திரும்பி வந்து முகம் காட்டுவாள் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கால்மன் உயில் எழுதுவது என்று தீர்மானித்தார். வீடு வாசலுக்கு எழுதுவது ஒரு உயில். எப்படி வாழ வேண்டும் என்று பிள்ளைகளுக்கு எழுதிவைப்பது இன்னொரு உயில். எங்கள் ஆட்கள் முதலாவதுக்கு வக்கில்லாவிட்டாலும் இரண்டாவதை விட மாட்டார்கள்.

"எம் பொண்ணு என்னை மாதிரி அரைகுறைப் பேச்சைக் கையில வெச்சுக்கிட்டு அலையக் கூடாது. எல்லாத்தையும் முழுசா எழுதிக் குடுத்துடப் போறேன். உங்க அச்சகத்துல இருக்கிறதுலயே பெரிய காகிதமா ஒண்ணு கொண்டா" என்றார்.

கொண்டுவந்தேன். அங்கேதான் மனிதர் தப்புச் செய்தார். சாதாரணமாக மேலிருந்து கீழாக எழுதித் தொலைத்திருக்கலாம். உயில் என்றால் கம்பீரமாக இருக்க வேண்டாமா என்று, தொழுகைக்கூடத்துப் பெரிய புத்தகங்களைப் பார்த்து எழுதினார். அவற்றில் மூலம் நடுவில் கொஞ்சமாக இருக்கும். அதைச் சுற்றி நாலு பக்கமும் பொடி எழுத்தில், பல காலத்துப் பண்டிதர்கள் அதை மறுத்தும், மறுத்தவரை மறுத்தும் சண்டை போட்டிருப்பார்கள். கால்மன் நடுவில் ஆறு வரி எழுதி, சுற்றிலும் ஒரு சாண் வெள்ளையாக விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் அதைச் சாப்பாட்டு மேஜையில் காயப்போட்டார். எங்கள் ஆட்கள் வீட்டில் இவ்வளவு அகல ஓரத்தை வெறுமனே விட்டுவைக்கலாமா?

முதலில் என் அக்காள் பேஸ்யா வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். முதல் வரி: 'பொய் சொல்லாதே.'

"ஏங்க, மலை ஊத்துத் தண்ணில போட்ட சோடான்னு தெருத்தெருவா கூவுறது யாரு? நம்ம கொல்லைக் கிணறு எப்பங்க மலையேறுச்சு?"

"அது வியாபாரம். உயில்ல வியாபாரத்தக் கொண்டாராத."

அவள் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினாள்: 'சொன்னவரைப் பார்த்துவிட்டுக் கடைப்பிடிக்கவும். பேஸ்யா.'

இரண்டாவது வரி: 'கோபத்தோடு சாப்பிட உட்காராதே.' அதற்குப் பக்கத்தில் அவள், 'அப்படியானால் இந்த வீட்டில் எல்லோரும் பட்டினி' என்று எழுதினாள்.

நான் சும்மா இருந்திருப்பேன். ஆனால் மூன்றாவது வரியைப் பாருங்கள்: 'சொந்தக்காரரை மூன்று நாளுக்கு மேல் வீட்டில் தங்க விடாதே.' அந்த வீட்டில் எட்டு வருஷமாகத் தங்கியிருக்கும் சொந்தக்காரன் நான் ஒருவன்தான்.

"மச்சான், இது யாரைப் பத்தி?"

"பொதுவா எழுதினது."

"பொதுவாவா? வேதத்துக்குப் பண்டிதருங்க சொல்ற கதைப்படி, நம்ம குலத்து முதல் தகப்பன் மச்சினனைக் கூடவே கூட்டிக்கிட்டு நாடு நாடாப் போனாரே, தெரியாதா உங்களுக்கு?"

"போயி என்னாச்சு? அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சாங்க. நான் பிரியாம வெச்சுச் சோறு போடறேன்ல, அதையும் சேத்து எழுது!"

எழுதினேன், பொடி எழுத்தில், அரை ஓரத்துக்கு. அவர் என் எழுத்துக்குக் கீழே தன் பதிலை எழுதினார். நான் அதற்கு அம்புக்குறி போட்டு இன்னொரு பதில் எழுதினேன். அதற்குள் பொழுது சாய்ந்து, அக்காள் ஓய்வுநாள் மெழுகுவத்தி ஏற்றிவிட்டாள். மெழுகுவத்தி ஏற்றினால் மறுநாள் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிறவரை எழுதக் கூடாது.

ஆனால் பேசலாமே! அந்த ஓய்வுநாள் முழுக்க, ராத்திரியெல்லாம் அடுப்பில் வெந்த மொச்சையையும் இறைச்சியையும் வழித்துத் தின்றுகொண்டே நாங்கள் உயிலைக் கிழித்துத் தொங்கவிட்டோம். மாடி வீட்டு ஃப்ரூமா கசகசாக் கேக்கோடு எட்டிப் பார்த்தவள், நாலாவது வரியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். 'அக்கம்பக்கத்தார் சமையலைப் புகழ்ந்து வை' என்பது அந்த வரி.

"புகழ்ந்து *வை*யா? அப்ப இத்தனை வருஷமா என் கேக்கை ஆகா ஓகோன்னதெல்லாம்?"

"முதல் வரியை நான் அதுக்கெல்லாம் அப்புறம்தானே எழுதினேன்!" என்றார் கால்மன்.

ஃப்ரூமா கேக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவர் சோடா பாட்டிலைக் காட்டிச் சமாதானம் பேச, பிடி வழுக்கி அவள் மேலேயே பீச்சி அடித்துவிட்டது. அவள் கத்த, அக்காள் சிரித்துப் புரையேற, நான் மேஜைக்கடியில் நாற்காலியோடு விழுந்தேன். வயிறு வலிக்கச் சிரித்த அப்படியொரு ஓய்வுநாளை நான் மறுபடி பார்த்ததில்லை.

நட்சத்திரம் மூன்றும் தெரிந்ததோ இல்லையோ, நாலு பேரும் ஒரே பேனாவுக்குப் பாய்ந்தோம். ஒரு நாள் பூராவும் மனசில் சேர்த்துவைத்த மறுப்பெல்லாம் ஓரத்தில் இறங்கியது. ஃப்ரூமா கோபத்தில் கேக் செய்முறையையே எழுதி, 'புகழத் தேவையில்லை, செய்து பார்' என்று முடித்தாள். இடம் போதாமல் எழுத்துகள் கோணிக்கொண்டும் தலைகீழாகவும் ஓடின.

ஹின்டா மட்டும் எதுவும் எழுதவில்லை. துணிகளைப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தவள், நடுவில் ஒரு தடவை வந்து, வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு கட்டம் போட்டாள்.

"இது என் இடம். யாரும் கை வைக்கக் கூடாது. மாமா, உங்களத்தான் சொல்றேன்."

கட்டம் போட்டாளே தவிர, ஞாயிறு போயிற்று, திங்களும் போயிற்று, அது காலியாகவே கிடந்தது. கால்மன் அந்த மேஜைப் பக்கமாகவே போவதும் வருவதுமாக இருந்தார்.

"ஏம்மா, ஒண்ணுமே எழுதலையே?"

"நேரமில்லப்பா. இந்தப் பெட்டி மூட மாட்டேங்குது."

அவர் என்னைத் தனியாக இழுத்தார். முகம் வாடியிருந்தது. "மாப்ள, நீங்கள்லாம் அடிச்சுக்கிட்டீங்க, சந்தோஷம். அவ சண்டைக்கே வரலையேடா. அப்பன் என்னமோ கிறுக்கி வெச்சிருக்கான்னு நெனைக்கிறாளோ? ரயில்ல ரொட்டி மடிக்கிறதுக்கு ஆகும்னு வாங்கிட்டுப் போவாளோ?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அவரிடம், "வேலை முடிஞ்சா எழுதுவா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் மனிதர் அழுதார். வண்டியில் அழுதார். டிக்கெட் பார்ப்பவரிடம் அழுதார். பெட்டி தூக்க வந்த முன்பின் தெரியாத ஆளின் தோளில் சாய்ந்துகொண்டு அழுதார். ஹின்டா எங்களையெல்லாம் கட்டிப்பிடித்துவிட்டு, மடித்த உயிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினாள். கட்டம் காலியாகவே இருந்தது. ரயில் அசைந்தது.

அப்போது ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. கையில் விரித்த உயில், பல்லிடுக்கில் பென்சில்.

"அப்பா! கடைசி வரி தப்பு!"

"என்னது?"

"'பிரியும்போது அழாதே'ன்னு எழுதியிருக்கீங்க! காலையிலேர்ந்து ஊரையே நனைச்சது யாரு? என் கட்டத்துல எழுதிட்டேன்: 'அழலாம். என் அப்பா அழுதார். ஹின்டா.'"

கால்மன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மேகம் விலகிய மாதிரி ஒரு சிரிப்பு. ரயிலோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தார்.

"அது அழுகையில்லடி! சோடா! மூக்குல ஏறிடுச்சு!"

"பொய் சொல்லாதே! முதல் வரி!"

"இரு, இரு, இன்னும் ஒண்ணு இருக்கு! அதையும் எழுதிக்க! ஹின்டா, எப்பவும்..."

ரயில் ஊதியது. அவள் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டு எட்டிக் குனிந்தாள். வளைவு வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சொல்லை அவர் சொல்லிவிட்டார்! பிளாட்பாரத்தின் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு, மார்பில் கையை வைத்துக் குனிந்து நின்றார். நானும் அக்காளும் விழுந்தடித்து ஓடினோம். சாகவில்லை. ஓடிய மூச்சிரைப்பிலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் என்ன மச்சான்? அதச் சொல்லுங்க, நான் தந்தி அடிக்கிறேன்!"

"தெரியல மாப்ள."

"தெரியலையா?"

"வாய் தானா ஆரம்பிச்சுது. மேல சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. அவ இன்னும் கொஞ்ச நேரம் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கட்டுமேன்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டே சொன்னவர் சட்டென்று நின்றார். தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள... அப்ப எங்கப்பாவும்..."

அதையும் அவர் முடிக்கவில்லை. அக்காள் தலைத்துணியின் முனையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். நான் மறுத்து எதுவும் சொல்லவில்லை.