உப்புப் பார்க்கும் வாய்

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நாங்கள் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்போம். ஷார்ஜாவின் தொழிற்பேட்டைப் பகுதியில், தொழிலாளர் முகாம்களுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு சமையற்கூடம் அது. நான் அங்கே ஸ்டோர்கீப்பர். அரிசி லாரி வருவதற்கு முன் கால்மணி நேரம் எல்லாருக்கும் ஓய்வு. யார் தொடங்கிவைத்தார்கள் என்று தெரியாத வழக்கம், முப்பத்தேழு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையோடு பதிந்த அந்த இரும்புத் தட்டில் ஒவ்வொருவராக ஏறி இறங்குவார்கள். பச்சை எழுத்தில் எண் வரும். நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். குறிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஆனால் கண்ணில் பட்ட எண்ணைக் குறிக்காமல் விட என்னால் முடியாது. ஊரில் ஒருவன் நல்லா இருக்கிறானா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இங்கே மூட்டைக்குப் பக்கத்தில் நின்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் வியாழக்கிழமை ஏறியபோது நான் ஐம்பத்தெட்டு கிலோ நானூறு கிராம். ஏழாவது மாதம் எழுபத்து மூன்று. இப்போது என் வயது அறுபத்து நான்கு, எடை ஐம்பத்தொன்று அறுநூறு. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். வேலைக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பது விதி. முதல் சில மாதங்கள் தட்டில் சோற்றைக் குவித்து, மேலே கோழி, அதற்கு மேலே இன்னொரு கோழி. பிறகு ஒருநாள், எந்த நாள் என்று அவர்களுக்கே தெரியாமல், பசி நின்றுபோகும். நாளொன்றுக்கு நாலாயிரத்து இருநூறு சாப்பாடு போகும் இடத்தில் காலை ஆறு மணிக்குள் வெங்காயப் புகையும் எண்ணெய்க் காரலும் மூக்கு வழியே வயிற்றில் இறங்கிவிடுகின்றன. பத்து மணிக்கு நாம் எதையும் தின்னாமலே உண்டு முடித்தவர்கள் ஆகிவிடுகிறோம். மதியம் தட்டை எடுத்தால், காலையில் நான் நிறுத்துக்கொடுத்த வெங்காயம்தான் அதில் தெரியும். நூற்றெண்பது கிலோ வெங்காயத்தைப் பார்த்தவன் அதில் எட்டுத் துண்டை எப்படி ஆசையோடு தின்பான்?

சுகாதாரத்தைக் கவனிக்கும் பிலிப்பைன்ஸ் அம்மாள் ஒருமுறை என் எண்ணைப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள். "அங்கிள், வெரி குட்! என்ன டயட்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குப் பசி இல்லை என்றேன். "எனக்கும் அப்படி ஒரு வரம் கிடைக்க வேண்டும்" என்று சிரித்தாள். அன்றைக்குப் பிறகு மூன்று முறை அந்த ரகசியத்தைக் கேட்டுவிட்டாள். மூன்று முறையும் உண்மையைத்தான் சொன்னேன்.

பசி எப்படி இருக்கும் என்று நான் மறக்கவில்லை. இராமநாதபுரம் பக்கம் சிக்கல் என்ற எங்கள் ஊரில் அய்யா மழையை நம்பி மிளகாய் போட்டவர். மூன்று வருடம் தொடர்ந்து மழை ஏமாற்றியது. பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குத் தலை எண்ணிச் சொல்லும் வேலையை வாத்தியார் எனக்குக் கொடுத்திருந்தார். ஒருநாள் எண்பத்து மூன்று என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவனோடு கோதுமை உப்புமா தீர்ந்துபோனது. நான் என்னை எண்ணவில்லை. சமையல்காரம்மா அண்டாவைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "எண்ணுறவனுக்கு வயிறு இல்லையாலே?" என்றார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது எந்த வீட்டில் கருவாடு சுடுகிறார்கள், எந்த வீட்டில் கேப்பைக் களி இறங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். அந்தப் பசியை ஒழிப்பதற்காகவே படித்தேன். கணக்கில் பட்டம் வாங்கி இராமநாதபுரத்தில் ஒரு டுட்டோரியலில் சொல்லிக்கொடுத்து, அது மூடியபின் இங்கே வந்து சேர்ந்தேன். பசி ஒழிந்தது. கூடவே எது போகும் என்று நான் கணக்குப் போடவில்லை.

செய்யதுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியபட்டினத்துக்காரன், என்னைவிடப் பதினான்கு வயது இளையவன், எங்கள் கூடத்தின் தலைமைச் சமையல்காரன். அவன் உடம்பு எனக்கு நேர் எதிராகப் போனது. நான் பார்த்தவரை அவன் தட்டை எடுத்து உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. ஆனால் நாளைக்குப் பதினான்கு அண்டா, அண்டாவுக்கு மூன்று முறை ருசி, ஆக நாற்பத்திரண்டு கரண்டி. கரண்டியில் கால்பங்கு குழம்பு என்று வைத்தாலும் அரை லிட்டருக்கு மேல் எண்ணெயும் தேங்காயுமாக உள்ளே போகிறது. பசிக்காமல், சுவைக்காமல், வேலையாகவே தின்று தொண்ணூற்று நான்கு கிலோ ஆனான். சர்க்கரை நோயும் வந்தது. வியாழக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு ஒன்றாகத் தட்டில் ஏறுவான். நான் அறுபத்தாறும் அவன் எழுபத்தொன்பதுமாக இருந்தபோது நூற்று நாற்பத்தைந்து. நான் அறுபதும் அவன் எண்பத்தாறுமானபோது நூற்று நாற்பத்தாறு. அவன் தொண்ணூற்று நான்கானபோதும் நூற்று நாற்பத்தாறை ஒட்டியே நின்றது.

"பாத்தீகளாண்ணே, உங்க ஒடம்பு எங்கயும் போகல. பத்திரமா எங்கிட்டதான் இருக்கு" என்பான். "ஊருக்குப் போறப்ப கேளுங்க, வெட்டித் தாரேன்."

ரமலான் மாதம் வந்தால் அவன் நாக்கு வேலையை நிறுத்திவிடும். சமைக்கிறவன் விழுங்காமல் நாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்பலாம் என்று ஆலிம்கள் சொல்லியிருப்பதாக அவனே சொல்வான். ஆனாலும் செய்ய மாட்டான். மனசு ஒப்பவில்லை என்பான். அதனால் பிற்பகல் மூன்றரைக்கு, நோன்புக் கஞ்சி கொதித்து அடங்கும் நேரத்தில், ஸ்டோர் வாசலில் வந்து நின்று, "அண்ணே, வாய் குடுங்க" என்று கூப்பிடுவான். நோன்பில்லாத நேபாளிகள் இருந்தார்கள். அவர்கள் எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுவார்கள். நம் கடற்கரையில் காய்ச்சுகிற கஞ்சிக்குப் பூண்டும் வெந்தயமும் உப்பும் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தெரிந்த வாய் என்னுடையதுதான் என்பது அவன் நம்பிக்கை. பதினெட்டு ரமலான் அப்படிப் போயிற்று. நாற்பது லிட்டர் அண்டா நான்கு. அறுநூற்று நாற்பது பேர் நோன்பு திறக்கிற கஞ்சி.

பத்தொன்பதாவது ரமலானுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே என் நாக்கு செத்துப்போயிருந்தது. பசி போன வழியிலேயே அதுவும் போனது. முதலில் இனிப்பு மங்கியது, பிறகு உப்பு. ஊறுகாயை நக்கினால் நாக்கில் ஏதோ சுருக்கென்று படும், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. அறுபது தாண்டியவனுக்கு ஒவ்வொரு முறையும் விசா புதுப்பிக்க மருத்துவச் சோதனை உண்டு. உடம்பில் ஏதாவது ஒன்று வேலை செய்யவில்லை என்ற பேச்சு கிளம்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அது மட்டுமில்லை. செய்யது என்னைக் கூப்பிடுவது நின்றுவிடும் என்ற பயமும்தான். ஒரு நாளில் என் பெயரைச் சொல்லி எனக்காக யாராவது வருவது அந்த ஒரு தடவைதான்.

எனவே நாக்குக்குப் பதில் கணக்கை வைத்தேன். அண்டாவுக்கு இரண்டு குவளை கல்லுப்பு. அவன் எத்தனை குவளை போட்டான் என்று பேச்சுவாக்கில் கேட்டுக்கொண்டு, ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடித் திறந்து, "சரி" என்பேன். ரமலானின் முதல் எட்டு நாள் அது பலித்தது.

ஒன்பதாம் நாள் கல்லுப்பு தீர்ந்திருந்தது. சரக்கு அனுப்புகிறவர் தூளுப்பு மூட்டையை அனுப்பியிருந்தார். அதைப் பிரித்துக் கொடுத்தவனும் நான்தான். செய்யது வந்தான். "புது உப்புண்ணே, கைக்கணக்கு பிடிபட மாட்டேங்குது. ஒன்றரைக் குவளை போட்டு நிறுத்தியிருக்கேன். நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றான். ஒரு வாய் குடித்தேன். சூடு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. ஒன்றரை, இரண்டுக்கு அரை குறைவு.

"இன்னும் அரைக் குவளை போடலாம்" என்றேன்.

"அரையா? நெசமாவா?"

"போடு."

நான்கு அண்டாவிலும் போட்டான். எடை போடுவதையே தொழிலாகக் கொண்டவன் நான். குவளைக் கல்லுப்பில் பாதி இடம் காற்று என்பதும், தூளுப்பு இடைவெளி விடாமல் நிறையும் என்பதும், அதே குவளை ஒன்றரை மடங்கு கனக்கும் என்பதும் எனக்குத் தெரியாததா? சாயல்குடி உப்பளம் வழியாகப் பஸ்ஸில் போய்வந்தவனுக்குத் தெரியாததா? அன்று நிறுக்கவில்லை, எண்ணினேன். அவன் ஒன்றரையில் நிறுத்தியது சரியாக இருந்தது. நான்தான் கெடுத்தேன்.

பதினான்கு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் வெயிலில் கம்பி கட்டியவர்கள் அன்று மாலை முதல் வாயாக அந்தக் கஞ்சியைக் குடித்தார்கள். சிலர் துப்பினார்களாம். சிலர் பசியில் குடித்துவிட்டு வாந்தி எடுத்தார்களாம். மறுநாள் காலை முகாமிலிருந்து ஆள் வந்தது. முதீர், அதாவது எங்கள் எகிப்திய மேலாளர், எங்களை நிற்கவைத்துச் செய்யதுவிடம் கேட்டார். ருசி பார்க்கவில்லையா? நோன்பு, சார். அப்படியானால் யார் பார்த்தது? செய்யது என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து, "யாரும் பாக்கல சார். என் தப்பு" என்றான். பதினைந்தாவது நிமிடத்தில் அவன் தலைமைச் சமையல்காரன் இல்லை. பாத்திரம் கழுவும் பகுதிக்கு அனுப்பப்பட்டான். நான் மூன்றடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை அவனைத் தேடிப் போய்ச் சொன்னேன், எனக்கு ஒரு வருடமாக ருசி தெரியவில்லை என்று. அவன் அண்டாவுக்குள் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வயசாயிருச்சு, தப்பாச் சொல்லிட்டீகன்னு நெனச்சேன். அதுனாலதான் உங்க பேரச் சொல்லல" என்றான். பிறகு நிமிர்ந்தான். "தெரியாமலா இத்தன நாளும் தலையாட்டுனீக? ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற ஆளக் கேட்டிருப்பேன்ல? நோன்பு தொறக்குற வாயிண்ணே அது. அறுநூறு வாயி."

மறுபடி அண்டாவுக்குள் குனிந்தான்.

அதிலிருந்து ஐந்தாம் நாள்தான் முதீரின் அறைக்குப் போனேன். இடையில் நான்கு நாட்கள் ஏன் என்று கேட்காதீர்கள், அவற்றையும் எண்ணித்தான் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ருசி பார்த்தது நான், என் நாக்கு வேலை செய்யாது, தவறு என்னுடையது என்றேன். அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நீ நல்ல மனிதன். நண்பனுக்காக இப்படிப் பேசுகிறாய்" என்றார். இல்லை, உண்மை என்றேன். கண்கலங்கியது. அதைப் பார்த்து அவர் இன்னும் உருகிப்போனார். "ஸ்டோருக்கு நாக்கு எதற்கு? போய் வேலையைப் பார்" என்று பேரீச்சம்பழம் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பினார். செய்யது பாத்திரம் கழுவும் இடத்திலேயே இருந்தான். நான் அவனுக்காகப் பழி ஏற்கப் பார்த்தேன் என்று கூடம் முழுவதும் பேச்சாயிற்று. நேபாளிகள் எனக்கு வணக்கம் வைத்தார்கள்.

வியாழக்கிழமைகளில் செய்யது இப்போது தனியாக ஏறுகிறான். எண்பத்தாறு. சர்க்கரைகூடக் குறைந்திருக்கிறதாம், மற்றவர்களிடம் சிரித்துக்கொண்டு சொல்கிறான். கரண்டி பிடிக்காததால் பசி திரும்பிவிட்டது, தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறான். நான் நோட்டில் குறிக்கிறேன். கூட்டினால் நூற்று முப்பத்தேழு அறுநூறு. எட்டுக் கிலோ எங்கே என்று யாரைக் கேட்பது?

இதைச் சிக்கலில் என் வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஒரு மாத விடுப்பில் பத்தொன்பது நாள் முடிந்தது. வந்த மறுநாள் மதியம் என் மனைவி முத்துராக்கு சோறும் நண்டுக் குழம்பும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உப்புப் போதுமா?"

வாய் வரைக்கும் 'சரி' என்ற அந்தச் சொல் வந்துவிட்டது. அவள் எத்தனை சிட்டிகை போட்டாள் என்று கேட்கக்கூட வாயெடுத்தேன். பிறகு, "எனக்குத் தெரியல" என்றேன். "ஒரு வருசத்துக்கு மேல எதுவுமே தெரியல."

அவள் குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். "போன தடவ வந்தப்பவுமா?"

"அப்பத்தான் ஆரம்பம்."

"போன தடவ நீங்க கெளம்புற அன்னைக்குக் கொழம்புல உப்பே போட மறந்துட்டேன். நீங்க போனப்பறம் வாயில வச்சுட்டுத்தான் தெரிஞ்சது. சரியாயிருக்குன்னு சொல்லிச் சாப்பிட்டுப் போனீகளே. விருந்தாளி மாதிரி நம்மளச் சங்கடப்படுத்தாம சொல்லிட்டுப் போறாகன்னு நெனச்சு அன்னைக்கெல்லாம் அழுதேன்."

உப்பே இல்லாத குழம்பைச் சரி என்று இங்கே சொன்னதும் உப்புச் சரியாக இருந்த கஞ்சிக்கு அங்கே இன்னும் அரைக் குவளை கேட்டதும் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் என்னை நம்பிக் கேட்டார்கள்.

முத்துராக்கு கை நீட்டி என் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தின்றாள். மென்று விழுங்கும் வரை நான் காத்திருந்தேன். "உப்பு சரியா இருக்கு. சாப்பிடுங்க" என்றாள். அன்று ஒன்பது கவளம் சாப்பிட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு வேளையும் முதல் கவளம் அவள் எடுக்கிறாள். நேற்று பதினாறு. தெருமுனைக் கடைத் தராசில் ஏறிப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு நூறு. கடைக்காரருடைய தராசை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம்.

பதினோரு நாள் இருக்கிறது. முப்பத்து மூன்று வேளை. அதன்பிறகு பாத்திரம் கழுவும் ஓசை கேட்கிற அந்தச் சாப்பாட்டு அறையில் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவேன். செய்யது இரண்டு மேசை தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். என் சோற்றில் உப்பு இருக்கிறதா என்று அவனிடம் கேட்க முடியாது.