லிஃப்ட் இல்லாத வீடுகள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீரஜா மூச்சிரைக்கப் படியேறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "ஜமீலாம்மா, எல்லாம் போயிடுத்து" என்றாள்.

ஜமீலுன்னிசா முப்பத்தொரு வருடம் மருத்துவமனை வார்டில் வேலை பார்த்தவள். இந்த வாக்கியத்தை எத்தனையோ வீட்டார் வாயால் கேட்டிருக்கிறாள். வழக்கம்போல, "எத்தனை மணிக்கு?" என்றாள்.

"விடிகாலை நாலு மணிக்காம். நம்ம வெப்சைட்."

"ஓ. உள்ள வா, தண்ணி குடி."

படுக்கையில் கிடப்பவர்களுக்குத் தலைப்பக்கம் தூக்கும் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி, வாக்கர் எல்லாம் இரவல் கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வாங்கி, அடுத்த வீட்டுக்கு அனுப்புவதுதான் அந்தத் தளத்தின் வேலை. எந்தப் பொருள் எந்த வீட்டில் இருக்கிறது, யாருடைய நம்பர், அடுத்து யார் காத்திருக்கிறார்கள் என்ற விவரமெல்லாம் அதில்தான் இருந்தது.

தொடங்கியது ஒரு கட்டிலில். ஜமீலுன்னிசாவின் கணவர் வலியுல்லா பக்கவாதம் வந்து நான்கு வருடம் கிடந்தார். அவர் இறந்து மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்தது. நான்காம் நாள் கட்டில் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. நாத்தனார் கோபித்துக்கொண்டாள். சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும் என்று ஜமீலுன்னிசா சொன்னாள். அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் வீட்டில் மிச்சமானதைக் கொண்டுவந்து கொடுக்க, ஏழு வருடத்தில் கட்டில் மட்டும் ஒன்பது சேர்ந்தது. ஒவ்வொன்றின் தலைப்பலகைக்குப் பின்னாலும் சிவப்பு நகப்பூச்சில் எண் எழுதியிருப்பாள். வலியுல்லாவின் கட்டில் ஒன்றாம் எண்.

முன்பு எல்லாம் நோட்டில் இருந்தது. வீட்டிலிருந்தபடி நாலு கம்பெனிக்கு வெப்சைட் செய்துகொடுக்கும் நீரஜா இரண்டு வருடத்துக்கு முன் தளத்தைப் போட்டுக் கொடுத்து, "இனிமே நோட்டு வேண்டாம்மா" என்றாள். அன்று மாலையே ஜமீலுன்னிசா நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். வேண்டாததை வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"தளத்த வெச்சிருந்த கம்பெனிக்காரன் சர்வர் செத்துப்போச்சுங்கறான். பேக்கப் எங்கடான்னா, அதுவும் அதே சர்வர்லதான் இருந்துதாம்" என்றாள் நீரஜா.

"ஸ்பேர் சாவிய வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டின மாதிரி."

"நான் தனியா ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கணும். என் தப்புதான்."

"சரி, தப்பு. இப்ப என்ன செய்யலாம், அதச் சொல்லு."

நீரஜா சொல்வதற்குள் ராமானுஜத்திடமிருந்து போன் வந்தது. அவர் கச்சேரி ரோட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் மனைவி கோமளம் இடுப்பு எலும்பு முறிந்து மூன்று வாரமாக மருத்துவமனையில் இருந்தாள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அனுப்பிவிடுவார்களாம். முதுகின் அடியில் படுக்கைப்புண் வேறு ஆரம்பித்திருந்தது, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு. அதை ஜமீலுன்னிசா நேரிலேயே பார்த்துவிட்டு வந்திருந்தாள். சாதாரணக் கட்டிலில் போட்டால் ஒரே வாரத்தில் உள்ளங்கை அளவாகும், பிறகு எலும்புவரை போகும். அதை அவரிடம் மறைக்காமல் சொல்லியுமிருந்தாள்.

"வாடகைக் கடை ரெண்டுலயும் கேட்டுட்டேன். அடுத்த வாரம்தான்கறான். உங்ககிட்ட ஒம்பது கட்டில் இருக்கோல்லியோ?" என்றார் ராமானுஜம்.

"இருக்கு. எங்க இருக்குன்னுதான் தெரியல."

"வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சுடுமா?"

"பாக்கறேன்."

அன்று பத்தரை மணிக்குப் பிரபுவுக்குச் சொல்லியனுப்பினாள். பட்டினப்பாக்கத்துக்காரன், குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வைத்திருப்பவன். ஏழு வருடமாக ஒன்பது கட்டிலையும் ஏற்றி இறக்கியவன் அவன் ஒருவன்தான்.

"இன்னாக்கா, கம்ப்யூட்டரு மண்டயப் போட்டுச்சாமே?"

"எந்தெந்த வீட்டுல கட்டில் எறக்குனேன்னு ஞாபகம் இருக்கா?"

"அட்ரஸ்ஸ எவன் நெனப்பு வெச்சிக்கினு கீறான்? படியக் கேளு, சொல்றேன்."

கேட்டாள். பிரபு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மாடிப்படியாகச் சொல்ல ஆரம்பித்தான். மந்தைவெளியில் ரெண்டாவது மாடி, கைப்பிடி ஆடும். அடையாரில் சுத்துப்படி, கட்டை விரல் நசுங்கிய இடம். கோயில் குளத்துக்கு வடக்கே ஒரு வீட்டில் படி நனைந்தே இருக்கும், ஒருமுறை வழுக்கி உட்கார்ந்திருக்கிறான். நீரஜா மடிக்கணினியில் தட்டிக்கொண்டே வந்தாள்.

"தி.நகரு, பனகல் பார்க் பின்னாடி. மூணாவது மாடி, அம்பத்திரெண்டு படி. ரெண்டாவது திருப்பத்துல துளசித் தொட்டி ஒண்ணு கீது. அத்த நவுத்த மாட்டேன்னு அந்தம்மா ஒரே அடம். கட்டில தலைக்கு மேல தூக்கிக்கினு திரும்புனேன். மழ வந்தா இந்தத் தோளு இன்னும் குடையுது."

"துளசித் தொட்டியெல்லாம் போடணுமா?" என்றாள் நீரஜா.

"போடு" என்றாள் ஜமீலுன்னிசா.

ஐந்து வீடு தேறியது. ஆறாவதுக்குப் பிரபு வெகுநேரம் யோசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"மீதி நாலு?"

"அதெல்லாம் லிஃப்ட் கீற வூடா இருக்கும்க்கா. நிமித்தி வெச்சி பட்டன அமுக்கினா முடிஞ்சிது. அதுல எனக்கு இன்னா கஷ்டம், நெனப்பு வெச்சிக்க?"

அவன் சொன்ன ஐந்தில் ஒன்றாம் எண் கட்டில் இல்லை. ஜமீலுன்னிசா பையை எடுத்துக்கொண்டாள். கிளம்பலாம் என்றாள்.

போய்க் கேட்பதுதான் சங்கடமான வேலை. கட்டில் இன்னும் வேண்டுமா என்று கேட்டால் ஆள் இன்னும் இருக்கிறாரா என்று கேட்பதுபோல் ஆகிவிடும். "பொருள் தற்போது பயன்பாட்டில் உள்ளதா?" என்று நீரஜா ஒரு தாளில் நாகரிகமாக எழுதிக் கொடுத்தாள். ஜமீலுன்னிசா அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, முதல் வீட்டில் கதவு திறந்ததும், "பேஷண்ட் எப்படி இருக்காங்க?" என்றாள்.

செவ்வாயும் புதனுமாக மூன்று வீடு பார்த்தார்கள். மூன்றிலும் நோயாளிகள் இருந்தார்கள். கட்டில் அவர்களுக்கு அடியில் இருந்தது. ஓர் அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டு, ஒரு பெரியவரின் மருமகளுக்கு விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தாள். வியாழன் காலை நான்காவது வீடு பூட்டியிருந்தது. பெங்களூருக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ராமானுஜம் அதற்குள் மூன்று தடவை போன் செய்து, மூன்று தடவையும் சும்மாதான் கூப்பிட்டேன் என்றார்.

வியாழன் மாலை நான்கு மணிக்குத் தி.நகர். பிரபு வண்டியோடு கீழே நின்றான். நீரஜாவும் ஜமீலுன்னிசாவும் ஐம்பத்திரண்டு படி ஏறினார்கள். ரெண்டாவது திருப்பத்தில் துளசித் தொட்டி இருந்தது.

கதவைத் திறந்தவள் வைதேகி. ஐம்பது வயது இருக்கும். மாமனாருக்காகக் கட்டில் வாங்கியவள்.

"பேஷண்ட் எப்படி இருக்காங்க?"

வைதேகி பின்னால் திரும்பிப் பார்த்தாள். "தூங்கிண்டிருக்கா."

ஜமீலுன்னிசா வாசலில் நின்றபடியே மூச்சை இழுத்துப் பார்த்தாள். மாதக்கணக்கில் ஒருவர் படுத்திருக்கும் வீட்டில், எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், டெட்டாலும் பவுடரும் மூத்திரமும் கலந்த ஒரு வாடை இருக்கும். இந்த வீட்டில் வெங்காய பஜ்ஜி வாடைதான் இருந்தது.

"ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நடந்தாள்.

கூடத்துச் சுவரில் மாமனாரின் படம் சந்தன மாலையோடு தொங்கியது. உள்ளறையில் ஆறாம் எண் கட்டில் கிடந்தது. காற்று மெத்தையின் மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பக்கத்தைப் பாதி தூக்கிவைத்து, கையில் பஜ்ஜித் தட்டோடு, வைதேகியின் கணவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

"அப்பா போய் எட்டு மாசம் ஆறது" என்றாள் வைதேகி, மெதுவாக. "சொல்லணும்னுதான் இருந்தோம். இவருக்கு முதுகு வலி. இதுல படுத்தா நன்னாருக்குங்கறார்."

"எழுந்திருங்க சார்" என்றாள் ஜமீலுன்னிசா.

எழுந்தார்.

"குனிஞ்சு முட்டியத் தொடுங்க. ம். கைய மேல தூக்குங்க. இடது பக்கம் திரும்புங்க. வலது பக்கம். வலிக்குதா?"

"இல்லே, இப்போ வலிக்கலே."

"முதுகு நல்லா இருக்கு. கீழ வண்டி நிக்குது. கால்பக்கம் பிரபு புடிப்பான், தலைப்பக்கம் நீங்க புடிங்க."

நீரஜா சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பி, பிரபுவை மேலே கூப்பிட்டாள்.

வைதேகியின் கணவர் பனியனோடு இறங்க ஆரம்பித்தார். இரண்டாவது திருப்பத்தில் பிரபுவின் குரல் கேட்டது. "சார், பாத்து. தொட்டி கீது. தலைக்கு மேல தூக்கு."

"தலைக்கு மேலயா? வைதேகி! இந்தத் தொட்டிய நகர்த்தேன்!"

வைதேகி வந்து நகர்த்தினாள்.

"அன்னிக்கு நான் கேட்டதுக்கு, அது நவுத்துற தொட்டி இல்லன்னியே யம்மா" என்றான் பிரபு.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குக் கோமளத்தை ஆறாம் எண் கட்டிலில் போட்டார்கள். மூன்று வாரமாகச் சரியாகப் பேசாதவள், "இது என்ன சத்தம்?" என்றாள்.

"மெத்தை மோட்டார்."

"நிறுத்தச் சொல்லுங்கோ."

"நிறுத்த மாட்டோம்" என்றாள் ஜமீலுன்னிசா. அவளை இடது பக்கம் ஒருக்களித்துப் போட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து, ராமானுஜத்திடம் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பணும். நேரத்த எழுதுங்க. எழுதலன்னா திருப்பலன்னு அர்த்தம்."

கணக்கு வாத்தியார் உடனே கோடு போட்டுக் கட்டம் கட்டினார். ஒரு வேளையும் விடவில்லை. ஐந்தாவது வாரம் புண் மூடியது.

அதற்குள் நீரஜா தளத்தை வேறு இடத்தில் ஏற்றிவிட்டாள். இப்போது மாதம் பிறந்ததும் பட்டியலை அச்செடுத்து மூன்று இடத்தில் வைக்கிறார்கள். ஒன்று நீரஜா வீட்டில், ஒன்று ஜமீலுன்னிசா வீட்டில், ஒன்று பிரபுவின் வண்டியில். லிஃப்ட் இருக்கும் குடியிருப்புகளில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்திலேயே அறிவிப்பு ஒட்டியதில் இரண்டு கட்டில் கிடைத்தது. ஒன்றாம் எண்ணும் எட்டாம் எண்ணும் இன்னும் கிடைக்கவில்லை. யாரோ படுத்திருப்பார்கள் என்கிறாள் ஜமீலுன்னிசா.

புதிய பட்டியலில் முகவரிக்குப் பக்கத்தில் படிகளுக்கென்று ஒரு கட்டம் உண்டு. தி.நகர் வீட்டில் இப்போது பொருள் எதுவும் இல்லை, அதை நீக்கிவிடலாமா என்று நீரஜா கேட்டாள். வேண்டாம் என்று சொல்லி, என்ன எழுத வேண்டும் என்பதையும் ஜமீலுன்னிசாவே சொன்னாள்:

"மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. தொட்டி நகரும். கட்டில் தூக்க ஆள் உண்டு."

வைதேகியின் கணவரை இதுவரை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தார்.