தவளை அக்காவின் அவசரம்

வருடம் முழுக்கப் பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, "டாக்டர் இதோ வந்துடுவாரு" என்று கூசாமல் பொய் சொல்வது அவள் வேலை. கோடை விடுமுறை வந்துவிட்டால் ஏரிக்கரை முகாமுக்குப் பிள்ளைகளை மேய்க்கக் கிளம்பிவிடுவாள். கத்திக் கத்தி முதல் வாரமே தொண்டை கட்டிக்கொள்ளும். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் தவளை அக்கா.

"வீட்ல ரெண்டு உருப்படி இருக்கே, பத்தலையா?" என்பான் கணவன்.

"அதுங்க என் பேச்ச எங்க கேக்குது? அங்க கேக்குதுங்க."

உண்மைதான். மற்ற வழிகாட்டிகள் சுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். இவள் நாற்றப் போட்டி வைத்தாள். ஒவ்வொரு சாக்ஸாகக் கம்பு நுனியில் தூக்கி முகர்ந்து, தடாலென்று மயங்கி விழுந்து, வென்றவளுக்குச் 'செத்த எலி' என்று பட்டம் சூட்டினாள். மறுநாள் கொடியில் சாக்ஸ் காயப்போட இடமில்லை.

"கொஞ்சம் கண்ணியமா நடந்துக்கங்கம்மா" என்பார் முகாம் மேலாளர். குழந்தை மனநலம் பற்றிப் பயிற்சி எடுத்தவர். அதை யாரையும் மறக்க விடமாட்டார்.

அந்த வருடம் புதிதாக வந்த ஒரு சிறுமி, கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பினால்தான் வெளியே வருவாளாம். மேலாளர் கதவருகே மண்டியிட்டார்.

"உன் வருத்தம் எனக்குப் புரியுது கண்ணு."

"புரிஞ்சா எங்கம்மாவுக்கு போன் போடுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவர் மேலும் என்னென்னவோ பேசிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. அப்போதுதான் தவளை அக்கா தடதடவென்று ஓடிவந்தாள். மதியம் தர்பூசணியை ஒரு வெட்டு வெட்டியிருந்தாள். அந்தக் கட்டடத்தில் இருந்ததே அந்த ஒரு கழிப்பறைதான்.

"அடியே, அழுறத வெளிய வந்து அழு. எனக்கு அவசரம். சத்தியமா தாங்காது!"

அந்தக் குரலில் நடிப்பில்லை. கதவு திறந்தது. சிறுமியை வெளியே இழுத்துவிட்டு இவள் உள்ளே பாய்ந்தாள்.

"போயிடாத, அங்கயே நில்லு. எதுக்குடி வீட்டுக்குப் போகணும்?" என்று உள்ளிருந்தே கேட்டாள்.

"தம்பி பொறந்திருக்கான். அதான் என்னை இங்க தள்ளிட்டாங்க."

"ஐயோ, அதிர்ஷ்டக்காரிடி நீ! அவன் இப்ப வீடே இடியுற மாதிரி கத்திட்டு இருப்பான். நீ தப்பிச்ச. பாவம், உங்கம்மாதான் மாட்டிக்கிட்டாங்க."

சிறுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"என்ன உத்தி இது?" என்று மேலாளர் பிறகு கேட்டார்.

"உத்தியா? நெஜமாவே வந்துடுச்சு சார்."

'தன் பலவீனத்தைக் குழந்தையோடு பகிர்தல்' என்று அவர் மற்ற வழிகாட்டிகளுக்கு அதை விளக்கினார்.

பெற்றோர் வரும் நாளில் கைக்குழந்தையோடு அந்தச் சிறுமியின் அம்மா வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அம்மாவத் தேடுனியா?"

"மொத நாள் தேடுனேன்" என்று சொல்லிவிட்டு மகள் தோழிகளோடு ஓடியே போனாள். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"குழந்தைய இப்படிக் குடுங்க" என்று தவளை அக்கா கை நீட்டினாள். "போய் ஒரு டீயாவது சூடா குடிச்சிட்டு வாங்க."

அம்மா மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். பயல் கைமாறிய வேகத்தில் தவளை அக்காவின் தோளில் பாலைக் கக்கினான்.