இடது ஓரத்துக் குரல்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அவருடைய முடிதிருத்தும் கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் ரேடியோ. கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மனிதன் எழுந்து ஓட முடியாது என்பது அவருக்குப் பெரிய வசதி. குழாயில் தண்ணீர் வராதது, தேர்தல், மூட்டுவலி, பக்கத்துக் கடைக்காரரின் இரண்டாவது மருமகன் என்று ஒரு தலை முடிவதற்குள் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார். ஏன் இப்படி என்று கேட்டால், தலைக்கு மேல் வேலை இருக்கும்போது வாயைச் சும்மா வைத்தால் தூக்கம் வரும் என்பார்.

கடையை மூடிவிட்டு இரண்டாவது மாடியில் வீட்டுக் கதவைத் திறந்தால் அந்த வாய்க்கு வேலையில்லை. மனைவி போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள் வேறு ஊரில் கணவன், வேலை என்று இருக்கிறாள். வாரம் தவறாமல் போன் செய்வாள். மற்ற நாட்களில் அவர் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பார். மேஜைக்குப் போனால் எதிர் நாற்காலி கண்ணில் படும். ஒருநாள் அதைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்தார். யாரோ கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தது மாதிரி இருந்தது. மறுபடியும் பழையபடி போட்டார்.

ஒரு குறை அவரைப் பிடுங்கித் தின்றது. மனைவியின் குரல் வீட்டில் எங்கும் இல்லை. போனில் வீடியோக்கள் கிடக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்தவள் அவள் என்பதால் எதிலும் அவள் முகம் கிடையாது. எடுக்கும்போதாவது ஒரு வார்த்தை பேசியிருப்பாளா என்றால், பேச இடம் கிடைத்தால்தானே. மகள் பட்டம் வாங்கிய வீடியோவிலும் சரி, கடற்கரை வீடியோவிலும் சரி, இவர் குரல்தான் ஓயாமல் ஓடுகிறது. எல்லாவற்றையும் பார்த்து முடித்த அன்று தன் குரல் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

ஒரே ஓர் இடத்தில் அவள் குரல் இருந்தது. தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள் அவள். அங்கே பத்துப் பெண்கள் சேர்ந்து வேலை முடிந்ததும் குழுவாகப் பாடுவார்கள். பல வருஷங்களுக்கு முன் அந்தக் குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. பதிவு நடந்த அன்று கடையில் கூட்டம் என்று இவர் போகவில்லை. சாயங்காலம் வீடு திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"எல்லாரும் மைக்கைப் பார்த்து வரிசையா நின்னோம். நான் இடது ஓரம். எனக்கு நேராவே ஒரு மைக் இருந்துச்சு. நல்லாக் கேட்டா என் குரல் தனியாத் தெரியும்."

நல்லது என்று சொல்லிவிட்டு, அன்று கடையில் நடந்த ஒரு சண்டையை இவர் ஆரம்பித்தார். கெட்ட மனசு கிடையாது. வாய்க்குப் பூட்டு இல்லை, அவ்வளவுதான்.

அந்தத் தட்டு வீடு மாறும்போது உடைந்துபோயிற்று. மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினியில் அதன் எம்பி3 நகல் மட்டும் இருந்தது. போட்டுக் கேட்டார். பத்துப் பேரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு பாடுவதுபோல் இருந்தது. ஃப்ளாக் என்கிற வகைக் கோப்புதான் உயர்ந்த தரம் என்று இணையத்தில் படித்தார். இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளைக் கொண்டு அந்த எம்பி3-ஐயே ஃப்ளாக்காக மாற்றினார். கோப்பு நாலு மடங்கு பெருத்தது. போர்வை விலகவில்லை.

கடைக்கு வருகிறவர்களில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிற ஒருவர் உண்டு. அடுத்த முறை அவர் தலையைக் கொடுத்து உட்கார்ந்ததும் ரேடியோ தன் கதையைச் சொன்னார். அவர் துணிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எம்பி3 ஆக்கும்போதே பாதியை வெட்டி எறிஞ்சுடறாங்கண்ணே. வெட்டின முடியைக் கூட்டித் தள்ளியாச்சு. அப்புறம் பெரிய தொப்பியா வாங்கி மாட்டிக்கிட்டா முடி வளருமா? வெட்டாத பதிவு எங்கயாவது கிடைக்குதான்னு தேடுங்க."

ரேடியோவுக்கு இது பளிச்சென்று புரிந்தது. தேடினார். அந்தக் குழு இன்னும் இருந்தது. பழைய பதிவுகளை மூல நாடாவிலிருந்து எடுத்துத் தன் இணையதளத்தில் பதிவிறக்கத்துக்கு வைத்திருந்தது. வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆயிற்று. இறங்கியது ஒரு ஜிப் கோப்பு. அதைப் பிரிக்காமலே பாட வைக்கப் பார்த்து ஒரு சாயங்காலம் போயிற்று. பிரித்தபின், கணினியோடு வந்த மென்பொருளுக்கு ஃப்ளாக் என்றால் என்னவென்றே தெரியவில்லை. தெரிந்த ஒன்றைத் தேடி இறக்கினார். பாட்டு வந்தது, கூடவே மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஓர் இரைச்சலும் வந்தது. ஒலிப்பதிவுக்காரர் சொன்னபடி, யுஎஸ்பியில் செருகும் ஒரு சின்னப் பெட்டியும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கினார். கணினியில் கிடக்கும் எண்களை ஒலியாக மாற்றுவது அந்தச் சின்னப் பெட்டியின் வேலை. ஸ்பீக்கரை இடதுபுறம் ஒன்று, வலதுபுறம் ஒன்று என்று மேஜையில் வைத்து, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

போர்வை விலகிவிட்டது. ஒரு பெண் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. யாரோ மூச்சை இழுத்தார்கள். பிறகு எல்லாரும் பாடினார்கள், ஒருவர் பக்கத்தில் ஒருவராக, வரிசையாக. ரேடியோ வலது ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிவிட்டு, இடது ஸ்பீக்கரோடு காதை ஒட்டிக்கொண்டார். அங்கே ஒரு குரல் மற்றவற்றுக்கு முன்னால் நின்றது. கனமான, அசையாத, தேன் மாதிரியான குரல். இவ்வளவு நன்றாகப் பாடுவாளா என்று நினைத்தார். மேஜை மேல் தலையை வைத்து அழுதார்.

அன்றிலிருந்து அவர் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இடது ஸ்பீக்கர் மெல்லப் பாடிக்கொண்டிருக்கும். நாளடைவில் அதனோடு பேச ஆரம்பித்தார். யார் யார் வந்தார்கள், எவனுக்கு வழுக்கை விழுகிறது, தனக்கு வயிறு சரியில்லை, எல்லாம் சொன்னார். உடம்பு முடியாமல் அவள் படுத்திருந்தபோது கேட்காமல் விட்ட மன்னிப்பைக்கூட ஒரு நாள் கேட்டுவிட்டார். கேட்டபின் மனசு லேசாயிற்று. ஆறேழு வாரம் இப்படி ஓடியது.

மகள் போன் செய்தபோது பெருமையோடு போட்டுக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தயங்கினாள்.

"அம்மா மாதிரி இல்லையேப்பா."

போனில் கேட்டால் எப்படித் தெரியும், முப்பது வருஷம் கூட வாழ்ந்தவன் எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். அடுத்த வாரம் அவள் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் எடுக்கவில்லை. அதன்பின் அந்த வீட்டில் அவருக்கு இருந்த பேச்சுத் துணை அந்த ஸ்பீக்கர் ஒன்றுதான்.

பிறகு ஒருநாள் பேருந்து ஓட்டுநர் ஒருவர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். வெட்டி முடித்து, கிருதாவைச் சமப்படுத்துவதற்காக ரேடியோ அவருக்கு எதிரே வந்து குனிந்து நின்றார். வாய் எதையோ பேசிக்கொண்டிருந்தது. இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார் ஓட்டுநர். பேச்சு மும்முரத்தில் ரேடியோ தன் இடது கைப்பக்கம் இருந்த கிருதாவைத் தொட்டார்.

"அது இல்லண்ணே. என்னோட இடது. எதிர்ல நிக்கிற உங்களுக்கு அது வலது."

இத்தனை வருஷத் தொழிலில் அவர் செய்யாத பிழை. சிரித்து மழுப்பப் போனவர், கத்தரியோடு அப்படியே நின்றுவிட்டார். எல்லாரும் மைக்கைப் பார்த்து நின்றோம் என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் மைக்கைப் பார்த்து நின்றாள். மைக் அவளைப் பார்த்து நின்றது. கேட்கிறவன் உட்கார்ந்திருப்பது மைக்கின் பக்கம். அவளுடைய இடது அவனுக்கு வலது.

"என்னண்ணே, ரேடியோவுல கரன்ட் போயிடுச்சா?" என்றார் ஓட்டுநர். ரேடியோ கிருதாவைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, காத்திருந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லிக் கடையை மூடினார்.

வீட்டுக்கு வந்து வலது ஸ்பீக்கரின் வயரைச் செருகினார். இடதுபுறத்து வயரைக் கழற்றக் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கழற்றினார். பாட்டைப் போட்டார். வலது ஓரத்தில் ஒரு குரல் இருந்தது. மெல்லிய குரல். நீட்ட வேண்டிய இடங்களில் மற்றவர்களுக்கு முன்பே நின்றுவிட்டு, மூச்சு வாங்கி, சத்தமில்லாமல் வந்து சேர்ந்துகொண்டது. இதுதான் அவள் என்று அவர் கணக்கு சொன்னது. காது எதுவும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார். தெருவில் போகிற யாரோ ஒருத்தியின் குரல் மாதிரித்தான் இருந்தது. அந்த இன்னொரு குரல் எவ்வளவு பழக்கமாக இருந்தது என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததற்கே வெட்கப்பட்டார்.

மகளுக்குப் போன் செய்தார். எடுத்ததும், எதுவும் பேசாமல் கேள் என்று சொல்லிவிட்டுப் போனை வலது ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தார். முதல் அடி முடிவதற்குள் மகள் விசும்பும் சத்தம் கேட்டது.

"அம்மாதான்ப்பா. இது அம்மா. நீட்டறதுக்குள்ள மூச்சு வாங்கிடுவாங்க பாருங்க. என்னைத் தூங்க வைக்கும்போதும் அப்படித்தான். நீங்க கடையிலேர்ந்து வந்ததும் பாட்டை நிறுத்திடுவாங்க."

அவர் பாட்டை நிறுத்தினார். லைனில்தான் இருக்கிறீர்களா என்று மகள் கேட்டாள்.

"எனக்கு அடையாளம் தெரியலம்மா," என்றார். "யாரோ ஒருத்தியை உங்கம்மான்னு நெனச்சு இத்தனை நாள் எல்லாத்தையும் சொல்லிட்டிருந்தேன். இப்ப நிஜமாவே அவ பாடறா, எனக்குத் தெரியல. நான் அவளைக் கேட்டதே இல்ல."

மகள் அவரைத் தேற்றவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"முதல்லேர்ந்து போடுங்கப்பா. அம்மா தனியாக் கேக்கற இடம் வரும்போது நான் சொல்றேன்."

போட்டார். போனை ஒரு கையில் பிடித்தபடி வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பக்கம் புரளும் சத்தம் வந்தது. யாரோ மூச்சை இழுத்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை.

"இப்ப," என்றாள் மகள்.