மரியாதைக்கு ஒரு ஹேவ்

நீல அட்டை போட்ட நீள ரிஜிஸ்டர் அது. மேசைக் காலில் கட்டிய நூலில் பேனா தொங்கும். நூல் குட்டை என்பதால் குனிந்துதான் எழுத வேண்டும். பெங்களூரில் ஓர் அலுவலக வளாகத்தின் பின்வாசலில், இருவர் நின்றால் மூச்சு முட்டும் கூண்டுக்குள், நானும் அக்காவும் செக்யூரிட்டி வேலை பார்த்தபோது அதில்தான் எழுதினோம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். எங்கும் ஆறு மாதம் தங்கியதில்லை. அங்கே எங்களை வேலைக்கு வைத்த ஏஜென்சி என் ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டதால் கிளம்ப முடியவில்லை.

கூடப் பிறந்தவர் இல்லை, என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா; பெங்களூரிலேயே மர்பி டவுன்காரர். டிரைவர்களைக் கன்னடத்தில் விரட்டுவார், என்னைத் தமிழில் கிண்டல் செய்வார். ரிஜிஸ்டரை மட்டும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஹேஸ் எங்கே வரும், ஹேவ் எங்கே வரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பெரியவங்களுக்கு ஹேவ், நமக்கு ஹேஸ். மேனேஜர் வந்தான்னு எழுதுவியா நீ? வேலை பூடும்பா!"

எனக்கும் நியாயமாகவே பட்டது. மேனேஜருக்கு 'சார் ஹேவ் கம்', காவலுக்கு நிற்கும் எங்களுக்கு 'கார்டு ஹேஸ் கம்' என்று பக்கம் பக்கமாக எழுதினோம். அவசரத்தில் 'சார்' என்பதையும் விட்டுவிடுவோம். தமிழில் 'எடுத்தார்' என்றால் போதாதா? 'நான்' என்ற சொல் அந்த ரிஜிஸ்டரில் எங்குமே கிடையாது.

ஒருநாள் ஸ்டோர் ரூமில் இருந்த புது டிரில்லிங் மெஷினைக் காணவில்லை. அந்த அறைச் சாவிக்கு நேரே அக்காவின் கையெழுத்தில் 'ஹேவ் டேக்கன் கீ' என்று மட்டும் இருந்தது. தான் சாவியைத் தொடவே இல்லை என்றார் மேனேஜர். எங்கள் ஏஜென்சியின் சூப்பர்வைசர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"ஹேவ் டேக்கன்னா நான் எடுத்தேன்னு அர்த்தம்மா. நீயே எழுதிக் குடுத்திருக்கே."

"ஐயோ, அது மேனேஜர் சார் எடுத்தது! நான் எடுத்திருந்தா ஹேஸ்னு போட்டிருப்பேனே!"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அக்கா மரியாதைக்குப் போடுவாங்க சார்," என்றேன்.

"இங்கிலீஷ்ல ஏதுப்பா மரியாதை? நீயும் இப்படித்தான் எழுதுவியா?"

இரண்டு தாள் புரட்டினால் என் பக்கம் வந்துவிடும். என் ஆதார் அட்டை அவருடைய அலமாரியில் இருந்தது.

"இல்ல சார்."

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் தெரியவில்லை. கூண்டுக்குள் நான் நுழையும்போது சுவரோடு ஒண்டி வழி விடுவாரே, அப்படித்தான் பார்வையை ஒதுக்கிக்கொண்டார்.

இப்போது ஆனேக்கல் பக்கம் ஓர் அடுக்குமாடி வாசலில் நிற்கிறேன். இங்கும் கூண்டு, இங்கும் ரிஜிஸ்டர். எவ்வளவு பெரிய மனிதரானாலும் ஒருவர் என்றால் ஹேஸ்தான் என்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் ஒவ்வொரு முறை எழுதும்போதும் அவரை 'வாடா' என்று கூப்பிட்டதுபோல் கை கூசுகிறது.

அன்று வேலை போன அக்கா பெல்ட்டையும் விசிலையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனதைப் பதியச் சொன்னது என்னைத்தான். குனிந்து, 'லேடி கார்டு ஹேவ் லெஃப்ட்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்த சூப்பர்வைசர் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். ஹேவை அடித்து, மேலே ஹேஸ் என்று திருத்தினார்.